பொதுத் தகவல் அலுவலர் (கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதி)

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் அரசு ஆவணம் கேட்டு வரும் மனுக்களுக்குப் பதில் தரவேண்டிய அலுவலர். இதற்குச் சட்டப் படிப்பு கட்டாயமில்லை, பெரும்பாலும் அன்றாட வேலையோடு சேர்ந்துவரும் கூடுதல் பொறுப்பு. தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றி வாழ்பவர் கேட்பது பெரும்பாலும் ஆலையைப் பற்றியதாகவே இருக்கும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் ஆலைக்குத் தந்த இசைவாணை நகலையும் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. நிறுவனம் இரகசியமெனக் கருதும் தகவலை வெளியிட எண்ணினால், அலுவலர் ஐந்து நாளுக்குள் அதற்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். ஆட்சேபம் சொல்லப் பத்து நாள் அவகாசம். வணிக இரகசியத்தை மறுக்கலாம். ஆனால் பொதுநலன் பெரிதென்றால் 8(1)(ஈ) பிரிவே வெளியிட வழிவிடுகிறது. ஒரு பக்கத்தில் தயாரிப்பு முறை இருந்தால் அதை மட்டும் மறைத்து மீதியைத் தரவேண்டும், கோப்பையே பூட்டிவைக்கக் கூடாது. ஊர் ஓடையில் கலக்கும் நீரின் அளவீடு எந்த வகையிலும் வணிக இரகசியம் ஆகாது. இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டோர் பார்வையிட 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டமே இடம் தருகிறது.

மனுவுக்குப் பதில் தரப் பொதுவான கெடு 30 நாள். உயிர், சுதந்திரம் தொடர்பானது 48 மணி நேரம். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை மாநிலத் தகவல் ஆணையம் அலுவலருக்கே அபராதம் விதிக்கும்.