கலிப்சோ: ஒரு மரக் கப்பலின் போருக்குப் பிந்தைய வாழ்வு

கலிப்சோ என்பது இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காக அமெரிக்காவில் கட்டப்பட்டு, பின்னர் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் ஆய்வுக் கலமாக ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த மரக் கப்பல் ஆகும். சியாட்டில் நகரின் பல்லார்ட் மரைன் ரயில்வே கப்பல் கட்டும் தளத்தில் 1942 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்ட இது, எதிரிகள் கடலில் இட்ட வெடிகண்ணிகளைத் துழாவி அகற்றும் கண்ணிவாரி வகையைச் சேர்ந்தது. எஃகு உடலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகள் அப்போரில் பெருகியிருந்ததால், இவ்வகைக் கலங்களின் ஏரா எனப்படும் அடிக்கட்டையும், வங்குகள் எனப்படும் விலாக்கட்டைகளும், அவற்றின்மேல் அறையப்பட்ட பலகைகளும் மரத்தாலேயே அமைந்தன. சுமார் 42 மீட்டர் நீளம் கொண்ட இக்கப்பல் மால்டாவைத் தளமாகக் கொண்டு மத்தியதரைக் கடலில் பணியாற்றியது.

போருக்குப் பின் கடற்படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, மால்டாவுக்கும் அருகிலுள்ள கோசோத் தீவுக்கும் இடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் சேவையில் சில காலம் ஈடுபட்டது. ஹோமரின் காவியத்தில் வரும் கலிப்சோ என்னும் தேவமகள் வாழ்ந்த தீவு கோசோவே என்பது அவ்வூர் மரபாதலால், கப்பலுக்கு அப்பெயர் அமைந்தது. 1950இல் பிரிட்டிஷ் செல்வந்தர் லோயல் கின்னஸ் இதனை வாங்கி, ஆண்டுக்கு ஒரு ஃபிராங்க் என்னும் பெயரளவு வாடகைக்குக் கூஸ்தோவிடம் ஒப்படைத்தார்.

பிரான்சின் ஆந்தீப் துறைமுகத்தில் நடந்த மாற்றியமைப்பே கலிப்சோவின் இரண்டாம் பிறப்பு எனலாம். அணியத்தின், அதாவது முன்முனையின் எதிரே, நீர்மட்டத்துக்குக் கீழே, கண்ணாடிச் சாளரங்கள் பதித்த எஃகு அறையொன்று பொருத்தப்பட்டது; மேல்தளத்திலிருந்து ஒடுங்கிய குழாய் வழியே இறங்கும் ஒருவர், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன்களையும் அடித்தரையையும் நேருக்கு நேர் பார்க்க முடிந்தது. கண்ணிவாரியாக இருந்த காலத்தில் இத்தகைய எஃகுப் பிண்டத்தை அதன் மூக்கில் மாட்ட எவரும் துணிந்திருக்க மாட்டார்கள். செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டத் தம் நகைகளை விற்ற கூஸ்தோவின் மனைவி சீமோன், பின்னர் இக்கப்பலிலேயே நெடுங்காலம் வாழ்ந்து அதன் அன்றாட நிர்வாகத்தைத் தாங்கினார். கலிப்சோவின் வரலாற்றில் அவருக்குரிய இடம் இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை.

1951இல் செங்கடல் பவளத்திட்டுகளை ஆராயப் புறப்பட்ட கப்பல், அடுத்த ஆண்டு மார்சேய் அருகே கிராந் கோங்லுவே என்னும் பாறைத்தீவின் அடியில் கிடந்த பழங்கலச் சிதைவை அகழத் தொடங்கியது. அழுத்தக் காற்றைக் கீழ்முனையில் செலுத்தினால் சேற்றையும் மணலையும் மேலே உறிஞ்சித் தள்ளும் தடித்த குழாய் இங்குப் பயன்பட்டது. மேலே வந்து கொட்டிய சேறு சல்லடைக் கூடையில் வடிந்தபின் ஓடுகளும் சிறுபொருள்களும் எஞ்சின. மது முதலியவற்றை ஏற்றிச்செல்லப் பயன்பட்ட, அரிக்கமேட்டிலும் சிதறல்களாகக் கிடைத்துள்ள ஆம்போரா என்னும் இருகைப்பிடிச் சாடிகள் பெருமளவில் வெளிவந்தன. ஆயினும் அகழ்வை வழிநடத்திய தொல்லியலாளர் ஃபெர்னான் பெனுவா தாமே மூழ்காமல், மேலே வந்தவற்றை வைத்தே முடிவு செய்ய நேர்ந்ததால், ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்திருந்த வெவ்வேறு காலத்து இரு கப்பல்களின் சரக்குகள் ஒரே கப்பலுடையவையாகக் கொள்ளப்பட்டன. 1980களில் தொல்லியலாளர் லூக் லோங் மேற்கொண்ட மறு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இவ்வகழ்வில் மூழ்குநர் ஒருவர் உயிரிழந்ததையும் சேர்த்துப் பார்த்தால், கடலடித் தொல்லியல் தன் முதற்பாடங்களைக் கற்கக் கொடுத்த விலை புரியும்.

1954இல் பாரசீக வளைகுடாவில் எண்ணெய் தேடும் நிறுவனத்துக்காக அடித்தரைப் பாறை மாதிரிகளை எடுத்த கப்பல், 1955இல் செங்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் "மௌன உலகம்" திரைப்படத்துக்காக அலைந்தது. லூயி மாலுடன் சேர்ந்து கூஸ்தோ இயக்கிய அப்படம் 1956இல் கான் விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. மீன்களைக் கணக்கெடுக்கப் பவளத்திட்டில் வெடிவைப்பதும், சுறாக்களைக் குழுவினர் அடித்துக் கொல்வதும் அதிலேயே பதிவாகியுள்ளன. பிற்காலத்தில் கடற்பாதுகாப்புக்காகப் பேசியவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதை மறைக்காத சான்று என்ற அளவில் அப்படத்தின் மதிப்பு பெரிது. 1959 முதல் அமரத்தில், அதாவது பின்முனையில், பாரந்தூக்கி கொண்டு இறக்கப்படும் தட்டுவடிவ மூழ்குகலம் சேர்ந்தது. 1972–73இல் அண்டார்க்டிகா, 1975இல் ஏஜியன் கடலில் பிரிட்டானிக் கப்பலின் சிதைவு, 1980களில் அமேசான் என அதன் பயணங்கள் தொலைக்காட்சி வழியே உலகறிந்தன.

1996 சனவரி 8 அன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் தோணிக்கலம் ஒன்று மோதியதால் கலிப்சோ மூழ்கியது. பாரந்தூக்கியால் மீட்கப்பட்டுப் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டபோதும், 1997இல் கூஸ்தோ காலமானபின் உரிமை யாருக்கென எழுந்த வழக்கு நீண்டது; லா ரோஷேல் துறைமுகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் அதற்குள் உளுத்தது. 2007இல் கோங்கார்னோவுக்கு இழுத்துச் செல்லப்பட்டுப் பழுதுபார்ப்பு தொடங்கியது. பணத்தகராறால் அது நின்றுபோக, பலகைகள் கழற்றப்பட்டு வங்குகள் வெளித்தெரிந்த நிலையில் கப்பல் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 2016இல் சீரமைப்புக்காகத் துருக்கிக்கு ஏற்றிச் செல்லப்பட்ட அதில், 2017 செப்டம்பரில் பணித்தளத்தில் தீப்பிடித்து மரவேலையின் ஒரு பகுதி எரிந்தது.