மீண்டும் மீண்டும் வரும் மர்ம ரேடியோ வெடிப்புகள்: எந்த கேலக்ஸியில் இருந்து வருகின்றன? கண்டுபிடிப்பது எப்படி?

கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். அதற்குள் வானத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்து பலமான ரேடியோ அலை ஒன்று வந்து மறைந்துவிடுகிறது. அதில் சக்தி வாய்ந்தவை, சூரியன் பல நாட்களில் வெளியிடும் ஆற்றலை அந்த நேரத்துக்குள் கொட்டிவிடுகின்றன.

'ஃபாஸ்ட் ரேடியோ பர்ஸ்ட்', சுருக்கமாக எஃப்.ஆர்.பி. எனப்படும் இவற்றை உண்டாக்குவது எது என்பது வானியலில் இன்னும் முழுதாக விடை கிடைக்காத கேள்வி. விடை தேட முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவை எந்த கேலக்ஸியில் இருந்து வருகின்றன?

முதல் வெடிப்பு எப்போது தெரிந்தது?

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ டெலஸ்கோப் 2001-ம் ஆண்டு ஜூலை 24-ம் தேதி பதிவு செய்த தரவில் அது இருந்தது. ஆனால் அப்போது யாரும் கவனிக்கவில்லை. வானியலாளர் டங்கன் லோரிமரின் குழு பழைய தரவுகளைத் தோண்டியபோதுதான் கண்ணில் பட்டது. 2007-ல் அறிவித்தார்கள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் மறுபடி எதுவும் வரவில்லை.

முகவரி கண்டுபிடிப்பதில் என்ன சிக்கல்?

ரேடியோ டெலஸ்கோப்பின் பார்வை அவ்வளவு கூர்மையானது அல்ல. பார்க்ஸ் டெலஸ்கோப்பின் ஒரு கற்றை வானில் பார்க்கும் வட்டம், முழுநிலாவில் கிட்டத்தட்ட பாதி அகலம் இருக்கும். அந்த வட்டத்துக்குள் எத்தனையோ கேலக்ஸிகள் இருக்கின்றன. ஊர் பெயர் தெரிகிறது, கதவு எண் தெரியவில்லை என்பது போன்ற நிலைமை.

அலையிலேயே ஒரு துப்பு உண்டு. விண்வெளியில் பரவிக் கிடக்கும் எலெக்ட்ரான்களைக் கடந்து வரும்போது, குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். தாமதம் அதிகம் என்றால் தூரமும் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் இது தோராயக் கணக்குதான். கேலக்ஸியை அடையாளம் காட்டாது.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

2015 ஏப்ரல் 18-ம் தேதி பார்க்ஸில் ஒரு வெடிப்பு பதிவானது. அதே பகுதியில் ஒரு கேலக்ஸியின் ரேடியோ ஒளி ஆறு நாட்களில் மங்கியதை வேறு டெலஸ்கோப்கள் பார்த்தன. 'வெடிப்புக்குப் பிறகு அடங்கும் வெளிச்சம் இது, சுமார் 600 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள இந்த கேலக்ஸிதான் பிறப்பிடம்' என்று 2016 பிப்ரவரியில் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியானது.

சில வாரங்கள்கூட நிற்கவில்லை. மங்கியதாகச் சொன்ன ஒளி மறுபடி பிரகாசமானதை அமெரிக்காவின் வி.எல்.ஏ. டெலஸ்கோப் காட்டியது. அந்த கேலக்ஸியின் மையத்தில் உள்ள ராட்சதக் கருந்துளையால் ஒளி கூடிக் குறைந்திருக்கலாம், வெடிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை என்று மற்ற வானியலாளர்கள் சுட்டிக்காட்டினர்.

ஒரே ஒருமுறை வந்து மறைந்த வெடிப்பை மறுபடி சோதிக்க வழியில்லை. இங்கேதான் 'ரிப்பீட்டர்' எனப்படும், திரும்பத் திரும்ப வெடிக்கும் எஃப்.ஆர்.பி.க்கள் கைகொடுத்தன.

முதல் முகவரி கிடைத்தது எப்படி?

2012 நவம்பர் 2-ம் தேதி, பியூர்டோ ரிக்கோவின் அரெசிபோ டெலஸ்கோப் ஒரு வெடிப்பைப் பிடித்தது. அந்தத் தேதியை வைத்தே அதற்கு எஃப்.ஆர்.பி. 121102 என்று பெயர். 2015-ல் அதே இடத்தில் இருந்து மேலும் 10 வெடிப்புகள் வந்தன. முதல் ரிப்பீட்டர் இதுதான்.

மறுபடி வரும் என்று தெரிந்துவிட்டால் காத்திருந்து பிடிக்கலாமே? அதைத்தான் செய்தார்கள். 27 ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒரே பெரிய டெலஸ்கோப் போல இயங்குவது வி.எல்.ஏ. ஆன்டெனாக்கள் தள்ளித் தள்ளி இருப்பதால், அலை எந்தத் திசையில் இருந்து வந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியும். 2016-ல் ஆறு மாதங்களில் மொத்தம் 83 மணி நேரம், நொடிக்கு சுமார் 200 படம் என்ற வேகத்தில் அந்த இடத்தைப் பதிவு செய்தார்கள். சிக்கியவை 9 வெடிப்புகள்.

கதவு எண் கிடைத்துவிட்டது. அடுத்து, ஹவாயில் உள்ள 8 மீட்டர் ஜெமினி நார்த் டெலஸ்கோப் அதே புள்ளியைப் பார்த்தது. அங்கே இருந்தது மங்கலான ஒரு குள்ள கேலக்ஸி. பிரபஞ்சம் விரிவதால், தொலைவில் உள்ள கேலக்ஸியின் ஒளி சிவப்பு நிறத்தை நோக்கி நகரும். அந்த நகர்வை அளந்து, அது சுமார் 300 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பதாக ஸ்ரீஹர்ஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு கணித்தது. முடிவுகள் 2017 ஜனவரியில் வெளியாகின.

அந்த கேலக்ஸியின் நிறை நம் பால்வெளி மண்டலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அங்கே புதிய நட்சத்திரங்கள் வேகமாகப் பிறந்துகொண்டிருக்கின்றன.

இதில் இருந்து என்ன புரிந்தது?

ஒரு கதை பொருந்தி வந்தது. பெரிய நட்சத்திரங்கள் சீக்கிரமே எரிந்து முடிந்து வெடிக்கும். அவற்றில் சில 'மேக்னட்டார்' ஆக மிஞ்சும். அதாவது, பயங்கரமான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் நட்சத்திரம். இளம் மேக்னட்டார்கள்தான் எஃப்.ஆர்.பி.க்களை உண்டாக்குகின்றன என்பது அந்தக் கதை.

2020 ஏப்ரல் 28-ம் தேதி அதற்கு வலுவான ஆதாரமும் கிடைத்தது. நம் பால்வெளியிலேயே உள்ள ஒரு மேக்னட்டாரில் இருந்து எஃப்.ஆர்.பி. போன்ற வெடிப்பு வந்ததை இரண்டு டெலஸ்கோப்கள் பதிவு செய்தன.

பிறகு ஏன் குழப்பம்?

அடுத்தடுத்து கிடைத்த முகவரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

* எஃப்.ஆர்.பி. 180916: சுமார் 50 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள சுருள் கேலக்ஸியில் இருக்கிறது. 2019 ஜூனில் ஐரோப்பிய டெலஸ்கோப் கூட்டமைப்பு ஐந்து மணி நேரத்தில் 4 வெடிப்புகளைப் பிடித்து இடத்தைக் கண்டது. 16 நாட்களுக்கு ஒருமுறை சுறுசுறுப்பாவது இதன் தனிச்சிறப்பு. புனே அருகே 30 ஆன்டெனாக்களுடன் இயங்கும் இந்தியாவின் ஜி.எம்.ஆர்.டி. டெலஸ்கோப்பும் இதன் வெடிப்புகளைப் பதிவு செய்துள்ளது.

* எஃப்.ஆர்.பி. 20200120இ: வெறும் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள எம்81 கேலக்ஸி. அதிலும் இது இருப்பது வயதான நட்சத்திரங்கள் மட்டுமே நிறைந்த, உருண்டையான ஒரு நட்சத்திரக் கூட்டத்தில். பெரிய நட்சத்திரங்கள் செத்துப்போய் பல நூறு கோடி ஆண்டுகள் ஆன இடம் அது.

* எஃப்.ஆர்.பி. 20240209ஏ: கனடாவின் சைம் டெலஸ்கோப் 2024 பிப்ரவரி முதல் ஜூலை வரை 22 வெடிப்புகளைப் பிடித்தது. 66 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துணை டெலஸ்கோப்பின் உதவியால் இடம் தெரிந்தது. சுமார் 200 கோடி ஒளியாண்டு தொலைவில், 1,130 கோடி ஆண்டு வயதான கேலக்ஸி. வெடிப்பு வந்தது அதன் மையத்தில் இருந்துகூட அல்ல, சுமார் 1.3 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஓரத்தில் இருந்து.

இளம் நட்சத்திரங்களே இல்லாத இடத்தில் இளம் மேக்னட்டார் எப்படி வரும்? பழைய நட்சத்திரங்களின் மிச்சங்கள் ஒன்றோடொன்று மோதி இணைவதாலோ, வெள்ளைக் குள்ளன் எனப்படும் மிச்ச நட்சத்திரம் தன் எடை தாங்காமல் நொறுங்குவதாலோ மேக்னட்டார் உருவாகியிருக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். எல்லா எஃப்.ஆர்.பி.க்களுக்கும் ஒரே காரணம்தானா என்ற கேள்வியும் எழுந்துள்ளது.

முகவரி தெரிந்தால் வேறென்ன பயன்?

பிரபஞ்சத்தில் இருக்க வேண்டிய சாதாரணப் பொருளில் ஒரு பெரும்பகுதி எங்கே என்று தெரியாமல் விஞ்ஞானிகள் நெடுங்காலம் தேடினார்கள். எஃப்.ஆர்.பி.யின் தாமதம், அது வழியில் எத்தனை எலெக்ட்ரான்களைக் கடந்தது என்று சொல்லும். கேலக்ஸி தெரிந்தால் தூரமும் தெரியும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, காணாமல் போன பொருள் கேலக்ஸிகளுக்கு இடையே மெல்லியதாகப் பரவிக் கிடக்கிறது என்று 2020-ல் ஒரு குழு உறுதி செய்தது.

இனி என்ன?

சைம் 2018 ஜூலை முதல் ஓராண்டில் பிடித்த 500-க்கும் மேற்பட்ட வெடிப்புகளின் பட்டியலில் ரிப்பீட்டர்கள் 18 மட்டுமே. திரும்ப வரட்டும் என்று காத்திருந்தால் பெரும்பாலானவற்றின் முகவரி கிடைக்கவே கிடைக்காது.

அதனால் சைமுக்கு கனடாவிலும் அமெரிக்காவிலுமாக மூன்று துணை டெலஸ்கோப்கள் அமைக்கப்பட்டுள்ளன. 2025 மார்ச் 16-ம் தேதி வந்த ஒரு வெடிப்பை இவை சேர்ந்து பிடித்தன. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள கேலக்ஸி என்பதோடு, அதற்குள் சுமார் 45 ஒளியாண்டு அகலமுள்ள பகுதி என்பது வரை சொல்ல முடிந்தது. இத்தனைக்கும் அந்த வெடிப்பு வந்தது ஒரே ஒருமுறைதான்.