கோடைமலையும் கோடைக்கானலும்

கோடைக்கானல் என்றவுடன் ஏரியும் அதனைச் சூழ்ந்த மாளிகைகளுமே பலர் நினைவில் எழுகின்றன. அவ்வூர் வரலாற்றை எழுதப் புகுவோரும் 1845-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குதல் வழக்கமாயிற்று. மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்கள், தம் குடும்பத்தார் நோயாலும் இறப்பாலும் நலிவுற்றமை கண்டு, பழனிமலைத் தொடரின்மேல் இரு மனைகளை எழுப்பிய ஆண்டு அது. வந்தோரை வைத்தே வரலாறு வகுக்கப்பட்டமையின், ஊர்ப்பெயரும் அவர் நோக்கிலேயே பொருள்கொள்ளப்படுகின்றது. கோடையில் தங்குதற்குரிய இடமாதலின் கோடைக்கானல் ஆயிற்று என்பர் சிலர். இக்கூற்று ஆராயத்தக்கது.

புறநானூற்று 205-ஆம் பாட்டு, கடிய நெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடியது. அன்பின்றி அளிக்கும் செல்வத்தை, அளிப்பவர் மூவேந்தரேயாயினும், தாம் விரும்பார் என்று புலவர் அதன்கண் கூறுகின்றார். பாட்டுடைத் தலைவனோ கோடை என்னும் மலைக்கு உரியவன். மானினத்தைத் தொலைக்கும் சினமிக்க நாய்களையுடைய வேட்டுவன். அவன் மலையில் வெண்பூ வேலியும் பேசப்படுகின்றது. வேலி உண்டெனின் குடியிருப்பும் உண்டு.

இக்கோடையைப் பழனிமலைத் தொடரின் பகுதியாகக் கொள்வர் ஆராய்ச்சியாளர். அதற்குத் துணையாவன சில. தொடரின் வடபால் அடிவாரத்திலுள்ள பொதினி ஆவியர்குடிக்குரியது. சாத்தனாரே முதிரத்துக் குமணனையும் பாடியுள்ளார். முதிரத்தையும் அப்பக்கத்ததாகவே பலர் கருதுவர். சாத்தனார் அம்மலைநாட்டுத் தலைவரிடையே இயங்கியவர் எனக் கொள்ள இடமுண்டு. கோடைமலைக்குச் சென்ற விருந்தினருள் நாம் பெயரறிந்த முதல்வர் இப்புலவரேயாவர் என்று கூறின் அது மிகையன்று.

மலைமேற் பண்டை வாழ்க்கைக்குச் சான்று பாட்டு மட்டுமன்று. அங்குள்ள கல்திட்டைகளை ஆங்லேடும் நியூட்டனும் ஆராய்ந்து எழுதிய நூல் 1928-இல் தொல்லியல் துறையால் வெளியிடப்பட்டது. பளியர், புலையர், குன்னுவர் முதலியோர் இன்றும் இம்மலையில் வாழ்கின்றனர்.

ஏரியோ மிகப் பிற்பட்டது. மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு, 1863-இல் சதுப்பான பள்ளத்தாக்கில் கரையெழுப்பி நீரைத் தேக்குவித்தார். இயற்கைத் தடாகம் என்று அதனைக் கருதுவோர் இன்றும் உளர். மோட்டார்ப் பாதை அமையுமுன், வெள்ளையர் பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்தினின்று குதிரையிலும் டோலியிலும் ஏறினர். டோலியில் அமர்ந்தோர் எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைக்கின்றன. அதனைச் சுமந்தோர் எழுதியது யாம் கண்டதில்லை.

இனிச் சொல்லாராய்ச்சி. கோடை என்பது வேனிலை மட்டுமின்றி மேல்காற்றையும் குறிக்கும் பழஞ்சொல். மலைப்பெயருக்குக் காற்றுப்பொருள் பொருந்துமாயினும், அதுவே காரணம் என்று துணிதற்கில்லை. கானல் என்பது சங்க இலக்கியத்துட் பெரும்பாலும் நெய்தல் நிலத்துக் கடற்கரைச் சோலையையே குறிக்கின்றது. அப்பொருள் குறிஞ்சிக்கு ஒவ்வாது. பேய்த்தேரைக் குறிக்கும் கானலும் குளிர்மிக்க சோலைக்காட்டிற்கு ஏலாது. எனவே காடு என்னும் பொருளுடைய கான் என்பதன் அடியாக இச்சொல்லைக் கொண்டு, கோடையென்னும் மலையைச் சார்ந்த காடு எனப் பொருளுரைத்தலே தகும் என்பது எம் கருத்து. அங்ஙனமாயின் பெயரின் முற்பகுதி பருவத்தைக் குறித்ததன்று. வேட்டுவன் ஆண்ட மலையைக் குறித்ததாகும். மலைவாழ்நர் தம் ஊர், ஓடை, சோலைகளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து ஒப்புநோக்கின், பிற்பகுதி பற்றிய ஐயமும் தீரக்கூடும்.