அருங்காட்சியகத்து ஆடைகளும் அவற்றைத் தைத்த கரங்களும்

உணவும் உறையுளும் போன்று உடையும் மனிதனின் அடிப்படைத் தேவையாகும். எனினும், உடலை மறைப்பதோடு உடையின் பணி முடிந்துவிடுவதில்லை. அணிந்திருப்பவர் யார், அவரைச் சமுதாயம் எந்தப் படியில் நிறுத்தியிருக்கிறது என்பவற்றையெல்லாம் வாய் திறவாமலே ஊருக்கு அறிவிப்பதும் உடையே. இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1927 டிசம்பரில் மகாடு மாநாட்டின்போது, அங்குத் திரண்டிருந்த தாய்மார்களை நோக்கி அவர் விடுத்த வேண்டுகோள்களுள் ஒன்று உடையைப் பற்றியது. தீண்டப்படாதோர் என்று அடையாளம் காட்டும் வகையில் சேலை கட்டுவதையும் அணிகலன் பூணுவதையும் விட்டொழியுங்கள் என்றார் அவர்.

இளமையில் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல், 1946-இல் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதினார். தீண்டப்படாதோர் நிலையும் கறுப்பினத்தார் நிலையும் பெரிதும் ஒத்திருப்பதால், அவர்தம் வரலாற்றை நாம் கற்பது இன்றியமையாதது என்பது அம்மடலின் கருத்து. அவ்வழி நின்று, அமெரிக்க அருங்காட்சியகங்களில் காக்கப்படும் மகளிர் ஆடைகள் சிலவற்றை ஈண்டுக் காண்போம். ஆடையின் அழகை மட்டுமன்றி, அதனைத் தைத்தவர் யார் என்பதையும் காண்பதே நம் நோக்கம்.

துணியால் இட்ட எல்லை

அடிமை முறை நிலவிய காலத்தில் தென் கரோலினாவில் 1740-இல் இயற்றப்பெற்ற சட்டம், அடிமைகள் அணியத்தக்க முரட்டுத் துணிகளைப் பெயர் சொல்லி வரையறுத்தது. அவற்றினும் உயர்ந்த துணியை அவர்கள் உடுத்தலாகாது என்றது. 1786-இல் ஸ்பானியர் ஆட்சியிலிருந்த லூசியானாவில் மற்றோர் ஆணை பிறந்தது. அடிமைத்தளையின்றி வாழ்ந்த கறுப்பினப் பெண்களும் தலைமுடியில் இறகோ மணியோ சூடலாகாது. கூந்தலைத் துணியால் கட்டி மறைத்தல் வேண்டும் என்று ஆளுநர் மீரோ பணித்தார். அப்பெண்கள் ஆணைக்குப் பணிந்தனர். ஆனால் பணிந்த விதத்திலேயே அதனை வென்றனர். வண்ணக் கட்டங்கள் நிறைந்த துணிகளைத் தேர்ந்து, பலவகை மடிப்புகளோடு எழிலுறக் கட்டினர். தாழ்த்துவதற்கென்று விதிக்கப்பட்ட துணி அவர்கள் தலையில் முடியாகத் திகழ்ந்தது! அவ்வாறு கட்டப்பட்ட துணிவகைகளுள் ஒன்றன் பெயர் 'மதராஸ்' என்பதாகும். நம் சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்யப்பட்டுக் கடல் கடந்து சென்ற கட்டம் போட்ட துணியே அது.

அடிமைப் பெண்கள் உடுத்திய ஆடைகளுள் எஞ்சியவை மிகச் சிலவே. கந்தலாகும்வரை உடுத்திய துணியை எவர் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பர்? இன்று கண்ணாடிப் பேழைகளில் ஒளிர்பவை பெரும்பாலும் செல்வச் சீமாட்டிகளின் ஆடைகளே. ஆயினும், அவற்றுள் சிலவற்றைத் தைத்தவர் கறுப்பினப் பெண்கள். ஆகவே சீமாட்டியின் ஆடையிலும் நாம் தேடும் வரலாறு மறைந்திருக்கிறது.

ஊதா நிற வெல்வெட் ஆடை

வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், குடியரசுத் தலைவர்களுடைய துணைவியரின் ஆடைத் தொகுப்பு ஒன்று உள்ளது. 1914 முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றது அது. ஆபிரகாம் லிங்கனின் துணைவியார் மேரி லிங்கன் 1861-62 குளிர்காலத்தில் அணிந்த ஊதா நிற வெல்வெட் ஆடை அத்தொகுப்பிலுள்ள அரும்பொருள்களுள் ஒன்று.

அவ்வாடையைச் சற்று உற்று நோக்குவோம். பாவாடை ஒன்று, அதற்கு மேற்சட்டைகளோ இரண்டு. ஒன்று பகல் நேரச் சந்திப்புகளுக்குரியது. மற்றொன்று மாலை விருந்துகளுக்குரியது. விலையுயர்ந்த பாவாடை ஒன்றே இரு வேளைக்கும் பயன்படுமாறு அமைத்த திட்டம் இது. ஓரங்களில் வெள்ளைச் சாட்டின் கரை மெல்லிய கோடாக ஓடுகிறது. நம் தையற்காரர் 'பைப்பிங்' என்று கூறும் வேலைப்பாடே அது. வெல்வெட்டோ தைப்பவர்க்கு எளிதில் அடங்காத துணி. தைக்கும்போதே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். தவறாகக் குத்திய ஊசியின் தடம் எளிதில் மறையாது. அத்துணியில் அக்கோட்டைக் கோணாமல் ஓடவிட்ட கை தேர்ந்த கையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கை எலிசபெத் கெக்லி என்னும் கறுப்பினப் பெண்மணியின் கை என்று அருங்காட்சியகத்தார் கருதுகின்றனர். 1818-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் அவர். சவுக்கடியும் மானக்கேடும் அவர் இளமையில் உற்றவை. செயின்ட் லூயி நகரில் அவர் தம் ஊசியால் ஈட்டிய வருவாய் கொண்டு 17 பேர் கொண்ட குடும்பம் உணவுண்டது. அவரை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பமும் அதனுள் அடங்கும். அவருக்கும் அவர் மகனுக்குமாக விடுதலை விலை 1,200 டாலர் என்று குறிக்கப்பட்டது. தம்மிடம் ஆடை தைத்துக்கொண்டோர் கடனாக அளித்த தொகையைச் செலுத்தி 1855-இல் விடுதலை பெற்றார். பின்னர் உழைத்து அக்கடனையும் அடைத்தார்.

1861 மார்ச்சில் மேரி லிங்கனின் ஆடை வல்லுநராக வெள்ளை மாளிகையில் கால் வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் உள்நாட்டுப் போரில் ஒரே மகனைப் பறிகொடுத்தார். துயரில் மூழ்கிவிடாமல், அடிமைத்தளை அறுத்து வந்து வாஷிங்டனில் ஆதரவற்று நின்ற மக்களுக்கென 1862-இல் உதவிச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1868-இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். பெரிய இடத்துச் செய்திகளை ஒரு கறுப்பினத் தையற்காரி எழுதுவதா என்று சினந்தது மேட்டுக்குடிச் சமுதாயம். அவரிடம் ஆடை தைத்துக்கொள்ள வந்தோர் குறைந்தனர். பிற்காலத்தில் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் தையற்கலை கற்பித்த அவர், 1907-இல் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் காலமானார். இன்று அவ்வூதா ஆடையைப் பற்றிப் பேசுவோர் மேரி லிங்கனின் பெயரோடு கெக்லியின் பெயரையும் சேர்த்தே உரைக்கின்றனர். அந்நூலை எழுத அவர் துணிந்திராவிடில், அவரைப் பற்றி இத்தனை செய்திகள் நமக்குக் கிடைத்திரா.

ஐம்பது கஜப் பட்டு

அடுத்த நூற்றாண்டுக்கு வருவோம். 1953 செப்டம்பர் 12-ஆம் நாள், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடிக்கும் ஜாக்குலின் பூவியேவுக்கும் திருமணம் நடந்தது. மணமகள் அணிந்திருந்த தந்த நிறப் பட்டாடைக்குச் சென்ற துணி ஏறத்தாழ 50 கஜம். அதன் படங்களை உலகமே கண்டு வியந்தது. தைத்தவர் பெயரையோ ஏடுகளில் பெரும்பாலானவை குறிப்பிடவில்லை.

அவர் பெயர் ஆன் லோ. அலபாமாவில் 1898-இல் பிறந்த அவர், ஓர் அடிமைப் பெண்ணின் கொள்ளுப்பேத்தி. பாட்டியும் தாயும் தையலே தொழிலாகக் கொண்டவர்கள். தாய் மறைந்தபோது, அரைகுறையாய் நின்ற ஆடைகளைத் தைத்து முடித்தபோது அவருக்கு வயது 16. 1917-இல் நியூயார்க் நகரில் ஆடைக்கலைப் பள்ளியொன்றில் சேர்ந்தார். வெள்ளை மாணவியரோடு சமமாக அமர அவருக்கு இடமில்லை. தனியறையில் அமர்ந்தே பயின்றார். நம் பாட்டன்மார் பள்ளித் திண்ணைக்கு வெளியே நின்று பாடம் கேட்ட கதையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கென்னடி திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், அவருடைய பணிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. இரண்டு மாதம் உழைத்து உருவாக்கிய மணவாடையும் தோழியர் ஆடைகளுள் பலவும் பாழாயின. அவர் எவரிடமும் முறையிடவில்லை. மீண்டும் துணி வாங்கினார். இரவு பகலாகத் தைத்தார். குறித்த நாளில் ஒப்படைத்தார். இழப்பு 2,200 டாலர். ஆடைகளைக் கொண்டு சென்ற இடத்தில் பின்வாயில் வழியாக வருமாறு கூறப்பட்டதாகவும், முன்வாயில் திறவாவிடில் ஆடைகளோடு திரும்பிவிடுவேன் என்று அவர் உறுதியாய் நின்றதாகவும் சொல்வர். அவர் முன்வாயில் வழியாகவே சென்றார்.

1961-இல் வெளிவந்த ஒரு மகளிர் இதழ், பெயர் சுட்டாமல் கறுப்பினத் தையற்காரி ஒருத்தி என்று அவரைக் குறித்தது. மனம் புண்பட்ட ஆன் லோ, தாம் பெயர் பெற்ற ஆடைக்கலைஞர் என்றும், அவ்வாறே குறிக்கப்பட விரும்புவதாகவும் ஜாக்குலினுக்கு மடல் எழுதினார். கண்பார்வை குன்றியும் கடன்பட்டும் உழன்ற அவர் 1981-இல் மறைந்தார்.

அம்மணவாடை பாஸ்டன் நகரிலுள்ள கென்னடி நூலகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பட்டு நலிந்துவிட்டதால் அதனைக் காட்சிக்கு வைப்பதில்லை. 2023-இல் டெலவேர் மாநிலத்து வின்டர்தூர் அருங்காட்சியகம் ஆன் லோவின் ஆடைகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியபோது, மூல ஆடையை ஆராய்ந்து உருவாக்கிய படி ஒன்று வைக்கப்பட்டது. கண்காட்சியின் தலைப்பிலேயே அவர் பெயர் இடம்பெற்றது.

காணும் முறை

பழைய ஆடையொன்றின் முன் நிற்கும்போது, 'எவ்வளவு அழகு!' என்று வியந்து நகர்ந்துவிடுதல் போதாது. துணி எங்கு நெய்யப்பட்டது? தையல் எவ்வாறு அமைந்துள்ளது? எங்கேனும் பிரித்துத் தைத்த தடம் உண்டா? அணிந்தவர் பெருத்தார் எனவோ, வேறொருவர் கைக்கு மாறியது எனவோ அத்தடம் சொல்லும். எங்கு நைந்திருக்கிறது? இறுதியாக, பெயர்ப் பலகையில் அணிந்தவர் பெயர் மட்டும் உள்ளதா, தைத்தவர் பெயரும் உள்ளதா? காட்சிக்கூடத்தில் ஒளி மங்கியிருப்பது கண்டு குறை கூற வேண்டா. வெளிச்சம் சாயத்தை வெளுக்கச் செய்யும். பட்டின் இழைகளை முறியச் செய்யும். காப்பதற்காகவே விளக்கைக் குறைத்திருக்கின்றனர்.

திரட்டி வைத்த பெண்மணி

இவ்வாடைகளுள் பலவும் தாமாக அருங்காட்சியகம் சேர்ந்துவிடவில்லை. லோயிஸ் அலெக்சாண்டர் லேன் என்ற கறுப்பினப் பெண்மணி, தம் மக்கள் தைத்த ஆடைகளை நாடெங்கும் தேடித் திரட்டி, 1979-இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கறுப்பினத்தார் ஆடை அருங்காட்சியகத்தை நிறுவினார். ஆன் லோவின் ஆடைகள் அங்கு இடம்பெற்றன. ரோசா பார்க்ஸ் அம்மையார் தைத்த எளிய ஆடையொன்றும் அங்கு இருந்தது. 1955 டிசம்பர் 1-ஆம் நாள் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்துச் சிறைப்பட்ட அவ்வம்மையார் தொழிலால் தையற்காரரே. சிறைப்படுவதற்குச் சற்று முன்னர் அவர் தைத்துக்கொண்டிருந்த ஆடை அது. அத்தொகுப்பு பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. இன்று, 2016-இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டு அருங்காட்சியகத்தின் உடைமையாக அது விளங்குகிறது. ஒரு பெண்மணி தம் கைப்பொருளையும் காலத்தையும் செலவிட்டுத் தொடங்கிய பணி, நாட்டின் பொதுச் செல்வமாயிற்று.

இளைஞர்களே, வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் நாம் சிந்திக்க வேண்டியது இதுவே. நம் பாட்டிமார் கட்டிய சேலை, அவர் கோத்த பாசிமணி, நம் முன்னோர் கையாண்ட ஊசியும் உளியும் நம் வீடுகளில் இன்னும் எங்கேனும் கிடக்கக்கூடும். பழஞ்சரக்கு என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். அவற்றை உடுத்தியவர் பெயரையும் செய்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெயர் எழுதப்படாத உழைப்பு பிறர் பெயரில் வழங்கிவிடும். கெக்லி நூல் எழுதினார். ஆன் லோ மடல் எழுதினார். அலெக்சாண்டர் லேன் ஆடைகளைத் திரட்டினார். கல்வி பெற்ற நம் கைகளும் அப்பணியைத் தொடங்கட்டும்.