பாறையில் தழைக்கும் செவ்விலை

மீன்தொட்டி வளர்ப்போர் இந்நாளில் பெரிதும் விரும்பும் செடிகளுள் ஒன்று புசெபலாண்ட்ரா. வீட்டுத் தோட்டத்துச் சேம்பும் இதுவும் ஒரே குடும்பத்தவை. சேம்பு சேற்றை விரும்பும். இதுவோ பாறையை விரும்பும். இதன் தாயகம் போர்னியோத் தீவு ஒன்றே.

காட்டோடைப் பாறைகளை வேரால் இறுகப் பற்றி, இஞ்சியைப்போல் படுத்தபடி நீளும் தண்டிலிருந்து இது தழைக்கிறது. வெள்ளம் வந்தால் மூழ்கும், வடிந்தால் வெளிப்படும். சில வகைகளின் தளிர் செந்நிறமாக விரியும்.

இதன் பெயர் வரலாறு துயரம் கலந்தது. ஆங்கிலேயச் சுரங்கப் பொறியாளர் ஜேம்ஸ் மாட்லி 1849இல் லபுவான் தீவின் நிலக்கரிச் சுரங்கப் பணிக்கு வந்தார். பணிக்கிடையே செடிகளையும் பறவைகளையும் திரட்டினார். பின்னர்த் தென்போர்னியோவின் பஞ்சார்மாசின் பகுதிக்குச் சென்றார். சேம்புக் குடும்ப ஆய்வில் வல்லவரான வியன்னா அறிஞர் ஷாட், அவர் திரட்டிய செடியொன்றுக்கு 1858இல் புசெபலாண்ட்ரா மாட்லியானா எனப் பெயரிட்டார். மகரந்தக் கேசரம் கொம்புள்ள காளைத்தலை போன்றிருப்பதால் அமைந்த கிரேக்கப் பெயர் அது. அடுத்த ஆண்டே பஞ்சார்மாசினில் டச்சுக்காரருக்கு எதிரான போர் மூண்டது. மாட்லியும் அவர் குடும்பத்தாரும் அதில் கொல்லப்பட்டனர். அவர் பெயர் மட்டும் செடியில் நிலைத்தது.

பின்னர் ஒன்றரை நூற்றாண்டு இதனை நாடியோர் சிலரே. 2014இல் சரவாக்கில் ஆய்வு நடத்திய பீட்டர் பாய்சும் வோங் சின் யெங்கும் இப்பேரினத்தை விரிவாக ஆராய்ந்து வகைப்படுத்தினர். அதன் இனங்கள் 30 ஆயின. ஆனால் வணிகர் அறிஞரை முந்திவிட்டனர். அறிவியற் பெயர் பெறுமுன்பே பல வகைகள் விற்பனைப் பெயர் பெற்றுக் கடல் கடந்தன.

இங்கேதான் கவலை பிறக்கிறது. பல இனங்கள் ஓர் ஆற்றுப் படுகைக்கு அப்பால் காணப்படுவதில்லை. பாறையைச் சுரண்டி எடுத்துவிட்டால் அவ்விடம் மீண்டும் தழைக்க நெடுங்காலம் வேண்டும்.

இந்த மெதுமையைத் தொட்டியில் வளர்ப்போர் நன்கறிவர். தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டவேண்டும். ஓர் இலை விரிய வாரங்கள் ஆகலாம். கையளவு செடிக்கு ஓராண்டு காத்திருப்பவருக்கு, வெறுமையான பாறை எத்தனை ஆண்டு காத்திருக்கவேண்டும் என்பது விளங்கும். தண்டைத் துண்டாக்கியோ, ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பாலோ பெருக்கிய செடிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றை நாடுவதே ஓடைக்குச் செய்யும் உதவியாகும். பொறுமையாய் வளரும் செடியைப் பொறுமையுடையோரே காக்க முடியும்.