மாக்கல்லில் பிறந்த பவுடர்

புளிக்குழம்பு கொதிக்கும் கல்சட்டியும், கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கும் பவுடர் டப்பாவும் ஒரே குலம். இரண்டுக்கும் தாய் மாக்கல். சேலத்துப் பக்கம் அதைக் குடைந்து சட்டியாக்குகிறார்கள். அந்தக் கல்லுக்குள் இருக்கும் டால்க் என்னும் தாது தூய வெண்மையாகக் கிடைக்கும் ராஜஸ்தானின் உதய்பூர் போன்ற பகுதிகளில், அதை வெட்டியெடுத்து அரவை ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

நகத்தால் கீறினாலே உதிரும் கல் இது. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, டால்குக்கு 1. மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, அவற்றுக்கு இடையே பிடிப்பு மிகக் குறைவு. விரல் பட்டதும் சீட்டுக்கட்டு சரிவதுபோல் வழுக்கும். தகட்டின் மேற்பரப்பு நீரை ஒதுக்கும், எண்ணெயோடு ஒட்டும். முகத்தில் வழியும் எண்ணெயைப் பற்றிக்கொண்டு பளபளப்பை அடக்குவது இந்தக் குணம்தான்.

ஆனால் சில சுரங்கங்களில் டால்க்கோடு கல்நாரும் கலந்திருக்கும். அது புற்றுநோய் உண்டாக்குவது. அதனால்தான் கல் எங்கிருந்து வந்தது, சோதிக்கப்பட்டதா என்ற கேள்விகள் முக்கியம். 2024-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கப் பெரிதும் வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் சேர்த்தது. பச்சைக் குழந்தையின் முகத்தருகே எந்தப் பவுடரையும் தூவாதீர்கள்; அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய்விடும்.

அரைத்த கல் முகத்துக்கான பவுடராவது கலவைக் கூடத்தில். தோலில் ஒட்டி நிற்கத் துத்தநாக ஸ்டியரேட், தழும்பை மறைக்க டைட்டானியம் டை ஆக்சைடு, நிறத்துக்கு மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். டைட்டானியம் டை ஆக்சைடு அப்பட்டமான வெள்ளை. இரும்பு ஆக்சைடு குறைந்து அது மிஞ்சினால், மாநிற முகத்தில் சாம்பல் பூத்ததுபோல் நிற்கும். அமெரிக்கக் கடைகளில் வெள்ளைத் தோலுக்கான பவுடரே நிறைந்திருந்த காலத்தில், ஆண்டனி ஓவர்டன் என்ற கறுப்பினத் தொழிலதிபர் 'ஹை பிரவுன்' என்ற முகப்பவுடரைக் கறுப்பினப் பெண்களுக்காகவே செய்து விற்றார். நிறத்தை மாற்றச் சொல்லாமல், இருக்கும் நிறத்தோடு சேரும் பவுடர் அது.

நம் வீட்டில் இன்னும் அந்தப் பாடம் முழுதாக வந்து சேரவில்லை. கறுத்த பிள்ளையை வெளுப்பாகக் காட்ட, உடம்புக்கான வாசனை டால்கம் பவுடரை முகத்தில் அப்பி அனுப்புகிறோம். வியர்த்ததும் அது கழுத்தோரம் கோடு கோடாக இறங்கும். அந்தக் குழந்தை தன் நிறத்தில் ஏதோ குறை இருப்பதாக நம்பத் தொடங்குவது இப்படித்தான். பவுடர் வாங்கும்போது நிறம் பார்க்க மணிக்கட்டு வேண்டாம். பகல் வெளிச்சத்தில் தாடையோரம் தடவுங்கள். எந்த நிறம் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுவே உங்களுடையது.

எண்ணெய் வழியும் முகமா? முதலில் மெல்லிய தாளால் ஒற்றியெடுத்துவிட்டு, உதிரிப் பவுடரைப் பஃபில் தொட்டு அழுத்துங்கள். தேய்த்தால் எண்ணெயோடு குழைந்து திட்டாகும். வறண்ட முகத்துக்கு முதலில் ஈரப்பதக் கிரீம். அது ஊறிய பிறகு, பிரஷ்ஷால் மிக லேசாக. அதிகமானால் தோலின் செதில்களில் படிந்து வெடிப்புகளை எடுத்துக்காட்டும். நெற்றியும் மூக்கும் பளபளத்து, கன்னம் வறண்டிருந்தால், பளபளக்கும் இடத்துக்கு மட்டும் போதும். எளிதில் சிவந்து அரிக்கும் தோலுக்கு வாசனையில்லாத பவுடரை வாங்கி, காதுக்குப் பின்னால் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுப் போடுங்கள். பரு உள்ளவர்கள் பஃபை அடிக்கடி துவைத்துக் காயவைக்க வேண்டும்.

நம் அம்மாக்களின் கையிலும் ஒரு நல்ல பழக்கம் உண்டு. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, இரண்டு கையாலும் தேய்த்துப் பரப்பி, பிள்ளையின் முகத்தில் ஒற்றி, மிச்சத்தை முந்தானையால் துடைத்துவிடுவார்கள். அந்தத் துடைப்புதான் பவுடர் போடுவதில் பாதி வேலை. மலையை உடைத்து, அரைத்து, சலித்து, இவ்வளவு தூரம் வந்த கல்லில் ஒரு முகத்துக்கு வேண்டியது ஒரு சிட்டிகை. மற்றது முந்தானையோடு போகட்டும். பிள்ளையின் நிறம் அப்படியே இருக்கட்டும்.