மின்புலத்துக்குள் பயணம் போன மாணவர்கள்

மின்புலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? நேர் மின்னூட்டத்திலிருந்து எதிர் மின்னூட்டத்துக்கு வளைந்து போகும் அம்புக்குறிகள்தான். தேர்வில் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவோம். ஆனால் அந்தக் கோடுகள் எல்லாத் திசையிலும் பரவியிருப்பது கரும்பலகையில் தெரிவதில்லை. விளைவு, மனப்பாடம்!

இதற்கு வழி தேடிய கதை பழையது. நிஜ உலகில் காண முடியாத கருத்துகளோடு பழகக் கணினித்திரை வாய்ப்புத் தரும் என்று 1965-ல் ஐவன் சதர்லாண்ட் எழுதினார். 1968-ல் தலையில் அணியும் திரையையும் செய்து காட்டினார்.

1990-களில் அமெரிக்காவில் கிறிஸ் டீட், போவன் லாஃப்டின் குழுவினர் 'மேக்ஸ்வெல்வேர்ல்ட்' என்ற மெய்நிகர் உலகத்தை உருவாக்கினார்கள். அதில் மாணவர் மின்னூட்டங்களைத் தானே வைக்கலாம். தானே ஒரு சோதனை மின்னூட்டமாக மாறி, புலத்துக்குள் பயணம் போகலாம்! அதே காலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் பெல், ஸ்காட் ஃபோக்லர் இருவரும் வேதிப்பொறியியல் மாணவர்களை வினையூக்கியின் நுண்துளைக்குள்ளேயே அழைத்துப் போனார்கள்.

பலன்? தட்டைத் திரையில் படித்தவர்களைவிட, மேக்ஸ்வெல்வேர்ல்டில் படித்தவர்கள் புலத்தின் முப்பரிமாணத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கூடவே சிலருக்குத் தலைசுற்றலும் கண் சோர்வும் வந்தன. அன்று கருவிகளின் விலையும் மிக அதிகம். 2010-களில்தான் விலை இறங்கியது.

இந்த வரலாறு சொல்வது இதுதான் நண்பர்களே: எல்லாப் பாடத்துக்கும் தலைக்கவசம் வேண்டாம். தாளில் அடங்காத பாடத்துக்கு மட்டும் போதும். உங்கள் புத்தகத்தில் அப்படிப்பட்ட பாடம் எது?